கடலில எப்பவும் ஏத்தம்தான்

லொறி எஞ்சின் கடலில ஓடாது எண்டு எனக்குப் புத்தி சொன்ன ஆக்களை வரிசையா நிப்பாட்டினா, அந்த வரிசை பாலையூற்றில தொடங்கி ஜெட்டியில போய் முடியும். அதில முக்கால்வாசிப் பேருக்கு லொறியும் ஓட்டத் தெரியாது, நீந்தவும் தெரியாது. வாய் மட்டும் நல்லாத் தெரியும். நான் லொறி ஓட்டினவள். அதாலதான் உவையின்ர கதையைக் கேட்டா எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. இண்டைக்கும் வரும்.

என்ர மனுசன் நெஞ்சுநோவில போகேக்க எனக்கு விட்டுட்டுப் போனது பாலையூற்றில ஒரு வீடும், வளவுக்குள்ள நிண்ட ரெண்டு லொறியும்தான். பிள்ளையள் இல்லை. செத்தவீட்டுப் பந்தல் கழட்ட முன்னமே மச்சான்மார் வந்து, லொறியளை வித்துப்போட்டு ஒரு மூலையில இருக்கச் சொல்லிச்சினம். பொம்பிளைக்கு லொறி என்னத்துக்கு எண்டு கேட்டினம். ஆம்பிளைக்கு என்னத்துக்கோ அதுக்குத்தான் எண்டனான். முதல் கொஞ்ச நாள் சம்பளத்துக்கு ட்ரைவர் வைச்சுப் பாத்தன். அவன் பாதி வழியில டீசலை உறிஞ்சி வித்தான். அவனைத் துரத்திப்போட்டு, சீலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நானே ஸ்டியரிங்கில ஏறினன். முறையா லைசென்ஸ் எடுத்தனான், சும்மா இல்லை. கருவாடும் உப்பும் ஏத்திக்கொண்டு கண்டி தாண்டிக் கடுகண்ணாவை மட்டும் போய் வந்தனான். ஊர் எனக்கு லொறிக்காரி எண்டு பட்டம் வைச்சது. வைச்சா வைக்கட்டும். சாமான் ஏத்தவேணும் எண்டா அந்த லொறிக்காரியின்ர படலையிலதானே வந்து நிண்டவை!

ரெண்டு லொறியில ஒண்டு பழைய இங்கிலீஸ் லொறி. எஞ்சின் பெரிசு. ஸ்டார்ட் பண்ணினா அடுத்த வீட்டு ஓடும் அதிரும். மற்றது ஜப்பான் லொறி. எஞ்சின் சின்னன், சத்தமும் குறைவு. ஊர்ச்சனம் பழசைத்தான் மதிக்கும். சத்தம் போடுறவனைத்தான் சனம் மதிக்கும், அது மனுசருக்கும் அப்பிடித்தான்.

அப்ப வெளிநாட்டுச் சாமான் ஒண்டும் நாட்டுக்குள்ள வராத காலம். பாணுக்குக் கியூ, சீலைக்குக் கியூ. கடல் போட்டுக்கெண்டே செய்த புது எஞ்சின் வேணுமெண்டா கனவில கண்டாத்தான் உண்டு. அந்தக் காலத்தில ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்மா முடிஞ்ச கையோட தொப்பியைக்கூடக் கழட்டாமல் ஒருத்தர் வந்து என்ர விறாந்தைக் கதிரையின்ர நுனியில இருந்தார். மூதூர் ஆள். டவுனுக்கும் மூதூருக்கும் கடலால ஆக்களை ஏத்தி ஓடுற லோஞ்சில சுக்கான் பிடிச்சவர். போய்வந்த பழக்கத்தில முகம் தெரியும், கதை பேச்சு இல்லை. தேத்தண்ணி குடுத்தன், தொடேல்லை.

“தங்கச்சி, உங்கட பழைய லொறி எஞ்சினை எனக்குத் தாங்க.”

“லொறி இல்லாமல் எஞ்சினை என்ன செய்யப் போறீங்கள் நானா? குசினியில வைச்சு மா இடிக்கவோ?”

நானா எண்டா அவை அண்ணனைக் கூப்பிடுறது. மனுசன் சிரிக்கேல்லை. அப்பதான் விசயத்தைச் சொன்னார். வெள்ளைக்காரன் துறைமுகத்தை விட்டுப் போகேக்க பழுதெண்டு கழிச்ச வேகப் போட் ஒண்டின்ர உடம்பு அவரிட்ட இருந்தது. நல்ல பலகை, அடிப்பக்கம் ரெண்டு பக்கமும் சரிஞ்சு நடுவில கூர். உள்ளுக்க எஞ்சின் இல்லை. ரெண்டு எஞ்சினுக்கு அடியில விசிறியைச் சுத்துற ரெண்டு ஷாஃப்ட் போற ஓட்டையள் மட்டும் இருந்தது.

“வேகப் போட்டில ஏறி ஆருக்கு நானா அவசரமாப் போகவேணும்?” எண்டு கேட்டன். பகிடியாத்தான் கேட்டனான். கேட்டிருக்கப்படாது.

ரெண்டு வருசத்துக்கு முன்னம் அவற்ற மனுசிக்குப் பிள்ளைப்பேறில ரத்தம் நிக்கேல்லை. பிள்ளையும் தங்கேல்லை. பெரியாசுபத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லியாச்சு. ரோட்டால சுத்திப் போறதெண்டா ஒவ்வொரு ஆத்தங்கரையிலயும் வாகனம் ஏத்துற மிதவைக்குக் காத்து நிக்கவேணும், பொழுது பட்டிடும். லோஞ்சில ஏத்தினவை. அண்டைக்குச் சுக்கான் பிடிச்சது அவரேதான். அந்த லோஞ்ச் சுமை ஏத்தின மாடு மாதிரி. என்னதான் அடிச்சாலும் அதின்ர நடைதான். நடுக்கடலில மனுசி மௌத்து.

“எல்லாரும் நஸீபு எண்டாங்க,” எண்டார். நாங்கள் தலைவிதி எண்டுறதை அவை அப்பிடிச் சொல்லுறது. “நஸீபு இல்ல தங்கச்சி. எஞ்சின். என்ட கையாலதானே ஓட்டினன், எனக்குத் தெரியும்.”

ஒரே ஒரு மகள் அவருக்கு. கலியாணம் முடிச்சு, இப்ப முதல் பிள்ளை வயித்தில. மாரி காலத்தில, வாடைக் காத்துக் கடல் பொங்கிக்கொண்டு நிக்கேக்கதான் பேறு வரும். தாயைப்போலத்தான் மகளுக்கும் உடம்பு எண்டு மருத்துவிச்சி சொல்லிப்போட்டா.

“இப்பவே டவுனுக்குக் கொண்டுவந்து வைச்சிருங்கோவன்,” எண்டன்.

“கடைசி மாசம் கொண்டு வருவன். அது என்ட மகள். மூதூரில எத்தினை பேருட மகள்மார் ஈக்காங்க? எல்லாரையும் கொண்டுவந்து எங்க வைக்கிற?”

எனக்கு அழுகை வரேல்லை. கோவம்தான் வந்தது. ஆரில எண்டு கேட்டாச் சொல்லத் தெரியாது, அந்த லோஞ்சில, கடலில, விதி எண்டு சொல்லிப்போட்டுப் பேசாமல் வெத்திலை போடுற சனத்தில. “எஞ்சினை நான் விக்கமாட்டன் நானா,” எண்டன். மனுசன்ர முகம் செத்துப் போச்சு. “பங்குக்கு வாறன். ஆனா எந்த எஞ்சின் எண்டதை நான்தான் சொல்லுவன்.” அதுக்குப் பிறகுதான் ஆறின தேத்தண்ணியை எடுத்துக் குடிச்சார்.

அண்டைக்கே சண்டை தொடங்கியிட்டுது. அவருக்குப் பெரிய எஞ்சின்தான் வேணும். வேகம் வேணுமெண்டாப் பெரிசு வேணும், இது பச்சைப்பிள்ளைக்கும் தெரியும் எண்டார். நான் சொன்னன், நானா, லொறி ஏத்தம் ஏறும், பிறகு இறங்கும். இறங்கேக்க எஞ்சின் மூச்சு வாங்கும். கடுகண்ணாவை ஏத்தத்தில என்ர பழைய லொறி ஒவ்வொருக்காலும் கொதிச்சு, நான் வாளியோட இறங்கித் தண்ணி ஊத்தினவள். போட்டுக்கு இறக்கம் எங்க இருக்கு? தண்ணி எப்பவும் முன்னுக்கு நிண்டு தள்ளும். கடலில எப்பவும் ஏத்தம்தான்.

“ஏத்தம் கொஞ்ச நேரம்தானே தங்கச்சி, பொறகு வத்தம் வருமே,” எண்டார்.

எனக்கு விளங்கேல்லை. நான் சொன்னது ரோட்டு ஏத்தம். அவர் சொன்னது கடல் ஏறி வத்துற ஏத்தம். ரெண்டு பேரும் ஒரே சொல்லை வைச்சுக்கொண்டு கன நேரம் சத்தம் போட்டிருக்கிறம். விளங்கினாப் பிறகு சிரிச்சம். அவர் சிரிச்சதை நான் முதல் தரம் கண்டது அப்பதான்.

வாயால சொல்லி ஏலாது எண்டு அடுத்த நாள் ரெண்டு லொறியிலயும் மண் மூட்டை ஏத்தினன். அவரைப் பக்கத்தில இருத்திக்கொண்டு ஓர்ஸ் ஹில் ஏத்தத்துக்குப் போனன். பழைய லொறியைச் சின்னக் கியரில ஏத்தினன். உச்சியில நிப்பாட்டேல்லை, மூச்சு விடவும் விடேல்லை. பின்னுக்கு உருட்டி திரும்ப ஏத்தம், திரும்ப ஏத்தம். அங்க இருக்கிற அரசாங்கக் கந்தோர்க்காரர் யன்னலுக்கால எட்டிப் பாத்தினம். ஒரு ஐயா குடையோட வந்து, “பிள்ளை, கோயிலுக்கு ஏதும் நேத்தியோ?” எண்டு கேட்டார். ஓமோம், நேத்திதான் எண்டன். கொஞ்ச நேரத்தில பழைய எஞ்சின் கொதிச்சு ரேடியேட்டர் மூடி பறந்தது. ஜப்பான் லொறியைக் கொண்டுவந்து அதே கூத்து. சூட்டு முள் ஏறினது ஏறினது, ஒரு இடத்தில வந்து நிண்டது. அதுக்கு மேல அசையேல்லை. உச்சி வெயிலிலயும் அசையேல்லை. நானா அந்த முள்ளையே பாத்துக்கொண்டிருந்தார்.

“இது பாரமும் குறைவுதானே?” எண்டு கேட்டார்.

“பழசின்ர பாதிக்குக் கொஞ்சம் கூட.”

“அப்ப இதுதான். போட் தண்ணிய உழுதுக்கிட்டு போகப்படாது. எழும்பி மேலால ஓடணும். பாரம் கூடினாக் குந்திரும்.” பிறகு என்னைப் பாத்து, “ஆனா ரெண்டு வேணுமே தங்கச்சி?” எண்டார்.

ஓம், ரெண்டு வேணும். ஒண்டு பழசு ஒண்டு புதுசு பூட்டினா, உயரம் பொருந்தாத மாட்டைச் சோடியாக் கட்டின வண்டில்தான், வட்டம்தான் சுத்தும். கந்தளாய் ரோட்டில அதே ஜப்பான் லொறி ஒண்டு பிரண்டு கிடந்தது. உடம்பு நசிஞ்சது, எஞ்சினுக்கு ஒண்டுமில்லை. அந்த முதலாளிக்கு ஓடுற லொறி ஒண்டு வேணும். என்ர பழைய லொறியை முழுசாக் குடுத்தன், அந்த எஞ்சினை வாங்கினன். என்ர ஜப்பான் லொறியின்ர எஞ்சினையும் கழட்டினன். ஆக, வீட்டில கிடந்தது எஞ்சின் இல்லாத ஒரு லொறியின்ர கோது. என்ர சோத்துக்கு வழி அந்த ரெண்டு லொறியும்தான், அது எனக்குத் தெரியாமல் இல்லை. பெரிய மச்சான் படலையில நிண்டு, “உனக்கு விசர் முத்திப்போச்சு. ஒரு சோனகனோட சேந்து கடலில கொண்டுபோய்க் கொட்டுறாய்,” எண்டு கத்தினார். ஊர் வேற என்னென்ன கதைச்சது எண்டு எழுத என்ர பேனை கூசும். எனக்குக் கூசேல்லை. கதைச்ச வாய்க்குத்தான் கூசவேணும்.

வேலை செய்தது என்ர லொறியள் பாத்த கராஜ் பாஸ். எங்கட பக்கம் மெக்கானிக்கை பாஸ் எண்டுதான் சொல்லுறது. அந்த மனுசன்ர வாயில எது கேட்டாலும் முதல் வாற சொல்லு, ஏலாது. பிரேக் கட்டை மாத்த ஏலுமோ? ஏலாது அக்கா. சொல்லிப்போட்டுப் போய் ஸ்பனர் கிடக்கிற சாவிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருவார். பின்னேரம் வேலை முடிஞ்சிருக்கும். அவற்ற ஏலாதுக்கு நான் பயப்பிடுறேல்லை. ஏலும் பாப்பம், நாளைக்கு வாங்கோ எண்டு சிரிக்கிற கந்தோர் ஐயாமாருக்குத்தான் பயப்பிடுறது.

போட்டையும் எஞ்சினையும் பாத்துப்போட்டு பாஸ் மூண்டு நாலு தரம் ஏலாது எண்டார். நான் கதிரையைக் கொண்டுபோய்ப் போட்டு இருந்தன்.

முதல் கரைச்சல் சூடு. லொறி ஓடேக்க காத்து அடிச்சு ரேடியேட்டரைக் குளிராக்கும். போட்டுக்குள்ள எங்க காத்து? கடல் தண்ணியை எஞ்சினுக்குள்ள விட்டா உப்பு இரும்பைத் தின்னும். நல்ல தண்ணியைத்தான் உள்ளுக்க சுத்த விடவேணும், அந்தத் தண்ணி ஒரு செப்புக் குழாயால போட்டின்ர அடிக்கு வெளியில போய், கடலுக்குள்ள குளிந்து, திரும்பி வரவேணும். யோசனை பாஸின்ரதான். ஆனா செப்புக் குழாய்க்கு எங்க போறது? பாஸ் தலையைச் சொறிஞ்சார். “ஒரு இடத்தில இருக்கு. எங்க எண்டு கேக்கப்படாது.” கொண்டு வந்தார், சுருள் சுருளா. மணத்திலயே எனக்கு விளங்கியிட்டுது. கசிப்பு, அதுதான் கள்ளச்சாராயம், காய்ச்சின குழாய்.

நானா ரெண்டடி பின்னுக்குப் போயிட்டார். “என்ட போட்டில இது வேணாம் தங்கச்சி. ஹராம்.”

“நானா, இதுக்குள்ளால தண்ணிதானே ஓடப்போகுது?”

“இதுக்கு முதலும் தண்ணிதானே ஓடின!” எண்டார். பாஸ் விழுந்து விழுந்து சிரிச்சார், அவருக்கு அந்தத் தண்ணியில நல்ல பழக்கம். கடைசியில நானா குழாயைக் கடலுக்குக் கொண்டுபோய் மண் போட்டுத் தேய்ச்சுத் தேய்ச்சுக் கழுவினார். கழுவிப்போட்டு மணந்து பாத்தார். பிறகும் கழுவினார். செம்பு தங்கமாப் பளபளத்தது.

அடுத்த கரைச்சல் சாய்வு. லொறியில எஞ்சின் மட்டமா இருக்கும். போட்டில ஷாஃப்ட் பின்னுக்குச் சரிஞ்சு தண்ணிக்குள்ள இறங்கிறதால எஞ்சினும் சரிஞ்சுதான் இருக்கவேணும். அப்ப எண்ணெய் எல்லாம் பின்னுக்கு ஓடிடும், உறிஞ்சிற குழாய் முன்னுக்கு நிண்டு காத்தைக் குடிக்கும். பாஸ் எண்ணெய்த் தட்டை வெட்டி ஒட்டி, குழாயைப் பின்னுக்கு நீட்டினார். புகைக்குழாய் சுட்டுப் பலகை பத்தாமல் இருக்க அதைச் சுத்தி இன்னொரு குழாய் போட்டு, நடுவால கடல் தண்ணி விட்டார். கியர்பெட்டி லொறியின்ரதுதான். ரிவேர்ஸ் வேணுமே. அதால கிளச்சும் அக்சிலேட்டரும் காலுக்குத்தான் வந்தது. நானாவுக்குப் பெடல் ஒத்துவரேல்லை, எனக்குச் சுக்கான் ஒத்துவரேல்லை. ஆகவே அவர் சுக்கான், நான் பெடல். ஒரு போட்டுக்கு ரெண்டு சாரதி. ஜெட்டியில நிண்டு சனம் சிரிச்சது, சிரிக்கட்டும்.

முதல் ஓட்டம் ஒரு காலமை. உள்துறைமுகம் தட்டு மாதிரிக் கிடந்தது. ரெண்டு எஞ்சினும் பிடிச்சுது. நான் மிதிச்சன். முதல் போட் குந்தினது, மூக்கு வானத்தைப் பாத்தது. மிதிங்க, மிதிங்க எண்டு நானா கத்தினார். இன்னும் மிதிச்சன். சட்டெண்டு பின்பக்கம் எழும்பி, மூக்கு இறங்கி, போட் தண்ணிக்கு மேலால பறந்தது. எனக்குச் சத்தம் போட்டுச் சிரிப்பு வந்தது, மனுசன் செத்த பிறகு அப்பிடி நான் சிரிக்கேல்லை.

திரும்பி வரேக்கதான் வந்தது வினை. ஜெட்டி கிட்டவா வந்தது. எத்தினை வருசம் லொறி ஓட்டின கால். நடுவில பிரேக்கை மிதிச்சுது. அங்க பிரேக் எங்க இருக்கு? வெறும் பலகையைத்தான் மிதிச்சன். “ரிவேர்ஸ்! ரிவேர்ஸ்!” எண்டு நானா கத்துறார், நான் பல்லைக் கடிச்சுக்கொண்டு இல்லாத பிரேக்கை மிதிக்கிறன். போய் ஒரு கட்டையில மோதி நிண்டம். மூக்கில சின்ன வெடிப்பு. பாஸ் கட்டியிருந்த லொறி டயர்தான் காப்பாத்தினது. ரெண்டாம் தரமும் என்ர கால் அதையே செய்தது. கடைசியில பாஸ் அந்த இடத்தில ஒரு மரக்கட்டையை ஆணி அடிச்சு விட்டார். “கால் அதை மிதிச்சுக்கொண்டு கிடக்கட்டும் அக்கா. கையால ரிவேர்ஸைப் போடுங்கோ.” அதுக்குப் பிறகுதான் சரிவந்தது.

போட் ஓடவேணுமெண்டா, போட்டுகளைப் பாத்துப் பத்திரம் குடுக்கிற கந்தோர் ஐயா ஒருத்தர் கையெழுத்துப் போடவேணும். வெள்ளைக் காற்சட்டை, கறுப்புக் கண்ணாடி. போட்டுக்குள்ள எட்டிப் பாத்தார். கிளச்சைப் பாத்தார், கியர்க் கம்பைப் பாத்தார், மரக்கட்டையைப் பாத்தார். உள்ளுக்க இறங்கவே இல்லை. ஓட்டிக் காட்டுறம், ஏறுங்கோ எண்டம். ஏறமாட்டாராம்.

“அம்மா, இது போட் இல்லை,” எண்டார். ஜெட்டி முழுக்கக் கேக்கத்தக்கதாச் சொன்னார். “இது லொறி. லொறிக்கெல்லாம் நான் பத்திரம் குடுக்க ஏலாது. இது இந்த இடத்தை விட்டு அசையப்படாது.”

சனம் கொல்லெண்டு சிரிச்சுது. நானா தலையைக் குனிஞ்சுகொண்டு நிண்டார். அந்தக் குனிஞ்ச தலையைக் கண்டவுடன எனக்கு உச்சியில ஏறியிட்டுது. நேர வீட்டை போனன். லொறிக் கோதில இருந்த நம்பர் பிளேட்டை, முன்னுக்கு இருந்ததையும் பின்னுக்கு இருந்ததையும் கழட்டினன். வரி கட்டின துண்டையும் கண்ணாடியில இருந்து உரிச்சு எடுத்தன். திரும்பி வரேக்க ஐயா இன்னும் ஜெட்டிக் கடையிலதான் நிண்டார். அவருக்கு முன்னால போட்டின்ர முன்னுக்கு ஒண்டு, பின்னுக்கு ஒண்டு, ஆணி வைச்சு அடிச்சன். “ஐயா சொன்னாச் சரிதான்,” எண்டன். “இது லொறி. இலங்கை முழுக்க ஓடலாம் எண்டு வரி கட்டியிருக்கு. கடல் இலங்கை இல்லையெண்டா அதையும் இப்ப சொல்லுங்கோ.” இப்ப சனம் சிரிச்சது அவரைப் பாத்து. அவர் கண்ணாடியைச் சரிப்படுத்திக்கொண்டு, அசைஞ்சா வழக்குத்தான் எண்டிட்டுப் போயிட்டார். வழக்குக்குப் பயந்து நானா போட்டைக் கட்டியே வைச்சிருந்தார், மகளை அடுத்த மாதம் என்ர வீட்டை கொண்டுவாறதெண்டு பேச்சு.

அந்த மாதம் வரேல்லை. பிள்ளை முந்தியிட்டுது.

காலமை. வாடை இறங்கியிருந்தது, வானம் கறுத்துப்போய்க் கிடந்தது. அண்டைக்கு நானாவுக்கு லோஞ்ச் வேலை இல்லை, போட்டுக்குள்ள தண்ணி இறைச்சுக்கொண்டிருந்தார், நான் அவருக்கு டீசல் கானோட வந்திருந்தன். ஜெட்டிக் கடைக்கு மூதூர் தபால் கந்தோரில இருந்து போன் வந்தது. கடைக்காரர் ஓடி வந்தார். மகளுக்குப் பேறுக் குத்து வந்திட்டுது, ரத்தமும் போகுது. மருமகன் லோஞ்சில ஏத்தப் போறார்.

நானாவின்ர கையில இருந்த வாளி விழுந்தது. வழக்கு வந்தா போட்டும் போகும், சுக்கான் பிடிக்கிற உத்தியோகமும் போகும், அதெல்லாம் அவருக்குத் தெரியும். என்னைத்தான் பாத்தார். நான் கயித்தை அவிட்டன்.

போறத்துக்குள்ள கந்தோர் ஐயாவின்ர ஆள் ஒருத்தன் கையை ஆட்டிக்கொண்டு ஓடிவந்தான். நிப்பாட்டட்டாம். நானும் கையை ஆட்டினன்.

துறைமுக வாயைத் தாண்டினவுடன கொட்டியாரக் குடா எங்களைப் பிடிச்சுக்கொண்டுது. ஒவ்வொரு அலையும் கல்லு ரோட்டு மாதிரி அடியில இடிச்சுது. லொறியெண்டா கியரைக் குறைச்சிருப்பன். நான் குறைக்கேல்லை. நானா சுக்கானால அலையை அலையா வெட்டி வெட்டி எடுத்தார், அந்தக் கையைப் பாத்துத்தான் எனக்குக் காலை எடுக்காமல் இருக்கத் துணிவு வந்தது. மூதூரில லோஞ்ச் புறப்பட ஆயத்தமா நிண்டது. மகளை நாற்காலியில தூக்கிக்கொண்டு வந்திருந்தினம். முகம் சுண்ணாம்பாப் போச்சு. லோஞ்சில நிண்ட சனம், “அதில ஏத்தாதீங்க! லொறி எஞ்சின்! நடுவில நிண்டிரும்!” எண்டு கத்தினது. “நஸீபு எப்படியோ அப்பிடி நடக்கட்டும், இதில ஏத்துங்க,” எண்டு லோஞ்சுக்குள்ள இருந்து ஒரு கிழவர் சொன்னார்.

நானா லோஞ்சை நிமிந்து பாத்தார். “ஒருக்கா ஏத்தினன்,” எண்டார். மகளைத் தூக்கிக்கொண்டு எங்கட போட்டுக்குள்ள இறங்கினார். மருத்துவிச்சியும் மருமகனும் பின்னால குதிச்சினம்.

கரையை விட்டு வெளிக்கிடேக்க அடியில கறகறவெண்டு ஒரு சத்தம். மூதூர்க் கரை மண்மேடு, போட்டில ஆக்கள் ஏறின பாரத்துக்கு அடி உரஞ்சியிட்டுது. நாங்கள் லோஞ்சைத் தாண்டிப் பறந்து கொஞ்ச நேரத்தில இடப்பக்கத்து எஞ்சினின்ர சூட்டு முள் ஏறத் தொடங்கினது. செப்புக் குழாய் வெடிச்சு, உள்ளுக்க இருந்த நல்ல தண்ணி கடலுக்குப் போகுது. எனக்குத் தெரியும், இனி என்ன நடக்கும் எண்டு. இப்பவே நிப்பாட்டினா எஞ்சின் தப்பும். ஓட்டினாப் பிடிச்சு இறுகிப் போகும்.

நானாவும் கண்டிட்டார். “நிப்பாட்டுங்க தங்கச்சி! ஒண்டில போவம். அது உங்கட சோறு!”

ஒண்டில போனா போட் குந்தும். குந்தினா லோஞ்சின்ர நடைதான். பின்னால அந்தப் பிள்ளை, “உம்மா, உம்மா,” எண்டு செத்த தாயைக் கூப்பிடுறாள்.

“போகட்டும்!” எண்டு கத்தினன். “எஞ்சின்தானே, போகட்டும்! நீங்கள் சுக்கானைப் பாருங்கோ!” அந்த முள்ளுக்கு மேல என்ர சீலைத் தலைப்பைக் கிழிச்சுப் போட்டு மூடினன். பாக்காமல் மிதிச்சன். கடுகண்ணாவையில நான் வாளியோட இறங்கி நிண்ட நேரமெல்லாம் எனக்கு அப்ப ஞாபகம் வந்தது. இண்டைக்கு இறங்கிறேல்லை எண்டு எனக்கு நானே சொல்லிக்கொண்டன். எரிஞ்ச எண்ணெய் மணம் வந்தது, புகை வந்தது, இரும்பு அழுகிற சத்தம் வந்தது. துறைமுக வாயும் வந்தது. ஜெட்டி கண்ணுக்குத் தெரியேக்க ஒரு வெடிச்சத்தத்தோட அந்த எஞ்சின் இறுகி நிண்டுது. மிச்ச வேகத்தில வந்தம். ரிவேர்ஸ் ஒரு பக்கத்துக்குத்தான் இருக்கு. நான் ரெண்டு காலாலயும் அந்த மரக்கட்டையை மிதிச்சன், கட்டை முறிஞ்சு போச்சு, டயரில மோதி நிண்டம்.

ஜெட்டியில நிண்ட சாக்கு மூட்டை தூக்கிற பெடியள் மகளைத் தூக்கி ஒரு வாகனத்தில ஏத்திச்சினம். நானாவும் போயிட்டார். நான் கயித்தைக் கட்டிப்போட்டு ஜெட்டி விளிம்பில கன நேரம் அப்பிடியே இருந்தன்.

கந்தோர் ஐயா வந்தார். “லைசென்ஸ் இல்லாத போட்டில ஆக்களை ஏத்தியிருக்கிறாய்.”

“போட் இல்லையெண்டு நீங்கள்தானே சொன்னீங்கள். லொறியில ஏத்தினனான். நம்பர் பின்னுக்கு இருக்கு, பாத்து எழுதுங்கோ.”

அவர் வழக்குப் போடுவன் எண்டார். போடுங்கோ எண்டன். நீதவானுக்கு முன்னால நிண்டு சொல்லுறத்துக்கு என்னட்ட நிறையக் கதை இருக்கு எண்டன். அவர் அதுக்குப் பிறகும் நிண்டார், ஏன் நிண்டார் எண்டு தெரியாது. பாஸும் வந்து சேந்தார். போட்டுக்குள்ள இறங்கி, இறுகின எஞ்சினைத் தொட்டுப் பாத்துக் கையை உதறினார். என்ர வாழ்க்கையே அவற்ற வாயில இருந்தது.

“ஏலாது அக்கா,” எண்டார். சொல்லிப்போட்டுச் சாவிப்பெட்டி எடுக்கப் போனார். அப்பதான் எனக்கு அழுகை வந்தது.

நான் கண்ணைத் துடைக்க முன்னம் நானா வந்தார். நடந்துதான் வந்தார், தொப்பியைக் கையில பிடிச்சிருந்தார். அந்த நடையில எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. பக்கத்தில வந்து நிண்டார். “பொம்பிளப் புள்ள,” எண்டார். “தாயும் சுகம். ரத்தம் நிண்டிட்டு.” நான் அவற்ற கையைப் பிடிச்சுக்கொண்டு கத்தி அழுதன். ஊர் பாத்துது. நல்லாப் பாக்கட்டும்.

அவர் என்னைப் பாக்கேல்லை, கடலைத்தான் பாத்துக்கொண்டிருந்தார். துறைமுக வாயால மூதூர் லோஞ்ச் மெல்ல மெல்ல உள்ளுக்க வந்துகொண்டிருந்தது. எங்களோட வெளிக்கிட்ட அதே லோஞ்ச்.

“அண்டைக்கு என்ட பொஞ்சாதி இந்த இடத்துக்குக்கூட வந்து சேரல்ல தங்கச்சி,” எண்டார்.

கந்தோர் ஐயாவும் அந்த லோஞ்சைப் பாத்துக்கொண்டு நிண்டார். அது வந்து ஜெட்டியில அணைஞ்சுது. கயிறு கட்ட முன்னமே அந்தக் கிழவர் ஓரத்தில எட்டி நிண்டு, “என்ன மாதிரி? புள்ள உசிரோட வந்து சேந்ததா?” எண்டு கத்தினார்.

நானா தொப்பியைத் தலையில வைச்சார்.

“புள்ள பிறந்து, அழுது, பாலும் குடிச்சிட்டு,” எண்டார். “நீங்க இப்பதான் வாறீங்க.”